பங்கு போட்டு படகு வாங்கப் போற பிரிஸ்பேன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

அஞ்சு பேர் சேர்ந்து 26 அடி கீல் போட் (அடியில கனமான கீல் தொங்கற பாய்மரப் படகு) ஒண்ணு பார்த்துட்டு வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், போட்டோவும் வந்துச்சு, படகு நல்லாத்தான் இருக்கு. ஆனா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, மடக்கற ட்ரைமரான் (நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு உடம்பு இருக்கற பாய்மரப் படகு) ஒண்ணுல ஒரே ஒரு தடவ ஏறிப் பாருங்க, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நானும் மூணு வருஷம் கீல் போட் வெச்சிருந்தவன்தான். மாசாமாசம் மரீனா வாடகை, அடியில பாசி சுரண்ட, பெயிண்ட் அடிக்க தனி செலவு, இவ்ளோ அழுதும் வருஷத்துக்கு பத்து தடவ கூட வெளிய போகல. இப்ப இருக்கற எஃப்-24ங்கற மடக்கற ட்ரைமரான் வீட்டு வாசல்ல கார் பக்கத்துல ட்ரெய்லர்லயே நிக்குது. விரிச்சா 5.4 மீட்டர் அகலம், மடக்கினா ரெண்டரை மீட்டருக்குள்ள அடங்கிடும், அதனால ரோட்டுல தனி பர்மிட் எதுவும் வேண்டாம், படகு மட்டும் 800 கிலோ சொச்சம், சாதாரண எஸ்யூவி இழுத்துட்டுப் போயிடும்.

இந்த யோசனை பொறந்ததே நம்ம ஊர்லதான்னு நெறைய பேருக்குத் தெரியாது. இயன் ஃபாரியர்னு நியூசிலாந்துக்காரர், 1970கள்ல பிரிஸ்பேன்ல இருந்துதான் ட்ரெய்லர்ட்ரைங்கற மடக்கற ட்ரைமரான் படகுகள வரைஞ்சார், ஜனங்க வீட்டு ஷெட்லயே ப்ளைவுட்ல கட்டிக்கிட்டாங்க. அப்பறம் 1984ல கலிஃபோர்னியால கோர்சேர்ங்கற படகு கம்பெனி ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் எஃப்-27 வந்தது, அதுக்குத் தம்பிதான் என்னோடது. 2017ல அவர் போயிட்டார், ஆனா அவர் போட்ட அந்த மடக்கற கணக்கு இன்னிக்கும் அப்படியே நிக்குது. ட்ரைமரான்ங்கற பேர்லயே நம்ம கட்டுமரம் ஒளிஞ்சிருக்கு, அத நெனச்சா எனக்கு இப்பவும் ஒரு சந்தோஷம்.

மடக்கறது எப்படின்னு சொல்றேன். நடு ஹல்லுக்கு (படகோட முக்கிய உடம்புக்கு) ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃப்ளோட், அதாவது சின்ன மிதவை உடம்பு, ஒவ்வொண்ணையும் ரெண்டு பீம், அதாவது குறுக்குக் கை, புடிச்சிருக்கு, பீமுக்கு ஒரு போல்ட், ஆக மொத்தம் நாலு போல்ட். ராம்ப்ல (படக தண்ணியில எறக்கற சரிவுல) எறக்கினதும் மடங்கின நெலமையிலேயே மோட்டார் போட்டு கொஞ்சம் தள்ளிப் போயி, மேல தூக்கிட்டு நிக்கற பீமோட உள்பக்க முனைய ரெண்டு கையாலயும் புடிச்சு ஒடம்பு பாரத்த குடுத்து அமுக்கினா, ஃப்ளோட் தண்ணியில வழுக்கிக்கிட்டே வெளிய போயி, பீம் தன் குழில 'டக்'குனு உக்காரும், அந்த சத்தத்த கேட்டாத்தான் எனக்கு மூச்சே விடத் தோணும். உடனே ஸ்பேனர் எடுத்து முறுக்கிடணும், அப்பறம் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. நான் நாலையும் முறுக்கினப்பறம் ஒவ்வொண்ணா திரும்ப கையால தொட்டுப் பார்ப்பேன்.

இது கீல் போட்ட விட வேகமா போறதுக்கு முக்கிய காரணம், சும்மா தூக்கிச் சுமக்கற ஈயம் கெடையாது. கீல் போட் நிமிர்ந்து நிக்கறதுக்கு அடியில கனம் வேணும், இது அகலத்த வெச்சே நிக்குது, ஹல்லும் ஒல்லியா இருக்கறதால தானே எழுப்பற அலையில மாட்டிக்காது. நீங்க பார்த்த படகு ஆறு ஆறரை நாட் (மணிக்கு இத்தன கடல் மைல்) வேகத்துக்கு மேல போக தெணறும், இது நல்ல காத்துல பத்து பன்னெண்டு சாதாரணமா போகும். நடுவுல தண்ணிக்குள்ள எறங்கற பலகைய, அதான் சென்டர்போர்ட, தூக்கிட்டா ஒரு அடி தண்ணி போதும், பீல் தீவு மணல்ல அப்படியே மூக்க ஏத்திட்டு பசங்க குதிச்சு எறங்கிடுவாங்க. நம்ம மோர்ட்டன் பே விரிகுடா முழுக்க மணல் திட்டுதானே, அங்க கீல் வெச்சுக்கிட்டு டைட் டேபிள் (கடல் ஏறி எறங்கற நேர அட்டவணை) பார்த்தே நாள் போயிடும்.

ஆனா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. கீல் போட் காத்து அதிகமானா சாஞ்சு உங்களுக்கு சொல்லிடும், ட்ரைமரான் சொல்லாது, வேகம்தான் ஏறும், அப்பறம் ஒரு பெரிய காத்து அடிச்சா காத்து தள்ளற பக்கத்து ஃப்ளோட்டோட மூக்கு அலைக்குள்ள போகும். கவுந்தா மூழ்காது, ஆனா தானா நிமிராது. அதனால சாய்வ பார்த்து பாய் கொறைக்காதீங்க, காத்து மீட்டர பார்த்து கொறைங்க, பாயோட அடியில இருக்கற பூம்ங்கற கட்டையிலயே பாய சுருட்டிக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. கேபின் சின்னது, நிக்க முடியாது, அஞ்சு குடும்பமும் சாமானத்தோட ஏறினா படகு செத்துடும், ரெண்டு ரெண்டு பேரா முறை வெச்சுக்கோங்க. மாஸ்ட், அதான் பாய்மரக் கம்பம், ஏத்தும்போது தலைக்கு மேல கரண்ட் வயர் இருக்கான்னு ஒரு ஆள் பார்த்துக்கிட்டே நிக்கணும். மடக்கி தண்ணியில வாரக்கணக்குல கட்டி வெக்காதீங்க, ஃப்ளோட்டோட வெளிப்பக்கம் தண்ணியில படுத்துக்கும், பாசி பூரா அங்க புடிக்கும்.

பழசு வாங்கினா பீம் உக்காருற குழிய சுத்தி தட்டிப் பாருங்க. எனக்கு வித்தவர் அந்த எடத்துல தண்ணி எறங்கி, படகோட சுவருக்குள்ள இருக்கற நுரைப் பலகை ஊறிப்போனத சொல்லல, ஒரு குளிர்காலம் முழுக்க சுரண்டி, காய வெச்சு, ரெசின் போட்டேன், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

வர்ற சனிக்கிழமை காலைல ஆறரைக்கு மான்லி ராம்ப்ல இருப்பேன், ரெண்டு பேர் வாங்க, பசங்கள கூட்டிட்டு வந்தா லைஃப் ஜாக்கெட் அளவு முன்னாடியே சொல்லிடுங்க. போல்ட நீங்களே முறுக்கிப் பாருங்க.

அன்போட,
வின்னம்லேருந்து உங்க பழைய கீல் போட்காரன்