நீர்க்கோடு நகரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணையில் மரம் நட்டு, குளிக்க இடம் ஒதுக்கிப் பூங்கா அமைக்கும் திட்டம் பற்றிய செய்தி படித்தேன். 26 ஆண்டுகள் மதகு இயக்கியவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

வரைபடத்தில் நீர்த்தேக்கத்தின் கரை ஒரே நீலக்கோடு. நேரில் அப்படியில்லை. 100-க்கு 1 என்ற சரிவுள்ள கரையில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினாலே தண்ணீர் 100 மீட்டர் பின்வாங்கிவிடும். நான் இருந்த அணையில் கான்கிரீட் படகுத்துறை கட்டினார்கள். பாசனத்துக்குத் திறந்துவிட்டதும் அது சேற்றுக்கு நடுவே நிற்கும். ஆடுகள் ஏறி வெயில் காயும். மிதவைத் துறை போட்டிருந்தால் நீரோடு ஏறி இறங்கியிருக்கும். கழிப்பறை நேர்மாறு. பள்ளத்தில் கட்டி, அணை நிரம்பிய வருடம் தொட்டி மூழ்கி... அந்தக் கதை வேண்டாம். உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலேதான் அதைக் கட்ட வேண்டும்.

மண்ணணைச் சரிவில் நிழலுக்கு மரம் நடப்போகிறார்களாம். மரம் பட்டுப்போய் வேர் மட்கினால் அந்தத் துளை வழியே நீர் கசியும். புல் போதும். கசிவுநீர் வடிகால்மேல் வண்டி நிறுத்தவும் விடாதீர்கள். தண்ணீர் தெளிந்து வருகிறதா, அணை மண்ணை அரித்துக் கலங்கி வருகிறதா என்று நாங்கள் தினமும் குனிந்து பார்த்த இடம் அது.

மதகுக்குக் கீழே குளிக்க இடம் ஒதுக்கியிருப்பதைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும். கதவை ஒரு சாண் தூக்கினாலே கீழே பாறையில் நிற்பவருக்குக் கால் நழுவிவிடும். சைரன் இருக்கிறதே என்பார்கள். பாட்டு அலறும் கூட்டத்தில் நான் ஊதிய சைரனுக்கு நிமிர்ந்து பார்த்தவர்களை எண்ணிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணைப் பணியாளர்