அம்மா அதைச் சூடு என்றார்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகிறேன். வழியில் ஈசூனில் ஒருமுறை, பீஷானில் ஒருமுறை இறங்கிக் கழிவறைக்கு ஓடுவேன். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்காது. புண்ணில் எலுமிச்சைச் சாறு பட்டதுபோல அடிவயிறு எரியும். ஐந்து ஆண்டுகளாக இதே பாடு. சோதனையில் கிருமித்தொற்று எதுவும் தெரிவதில்லை.

இந்த எரிச்சலைச் சுமக்கும் நரம்புகளில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் உண்டு. அவை திறந்தால் நரம்பின் துடிப்பு அடங்கும். ரெட்டிகாபின் என்ற வலிப்பு மாத்திரை அவற்றைத் திறந்தது. எலிகளில் சிறுநீர்ப்பையையும் அமைதிப்படுத்தியது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீர் கட்டிக்கொண்டது, தோலும் நகமும் நீலம் பாய்ந்தன. 2017இல் விற்பனை நின்றது. அதே வகை வலி மாத்திரையான புளூபிர்டின், ஈரலைக் கெடுத்ததால் 2018இல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது.

சரி, அந்த மருந்துகள் போகட்டும். வாசல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. சிறுநீர் கட்டாமல் வலியை மட்டும் தணிக்கும் மாத்திரைக்காக இங்குள்ள ஆய்வாளர்களும் உழைக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்தச் சிறுநீர்ப்பை வலி நோயைப் பற்றி எழுதுங்கள். என் அம்மா இதைச் 'சூடு' என்றே சொல்லி, இருபது ஆண்டுகள் பார்லித் தண்ணீர் குடித்தார். டாக்டரிடம் வாய் திறக்கவே இல்லை.

வாசகி, உட்லண்ட்ஸ்