கொலம்பஸா, பிட்ஸ்பர்க்கா?

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கயலுக்கு அமெரிக்காவில் ரெண்டு ஊரிலிருந்து, ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸிலிருந்தும் எங்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்தும், வேலை வந்திருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதே, இப்போது மாடிப்படி ஏறுகிறாளா? அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

"கொலம்பஸில் 9 லட்சம் பேர், உங்க ஊரில் 3 லட்சம்தான், பெரிய ஊருக்கே அனுப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். கணக்கு சரிதான். 2020 சென்சஸில் கொலம்பஸ் 9,05,748, பிட்ஸ்பர்க் 3,02,971. ஆனால் கொலம்பஸின் பரப்பு சுமார் 220 சதுர மைல், எங்களுடையது 55. அங்கே 1950களில் மேயராக இருந்த சென்சென்பிரென்னர் கெட்டிக்காரர். குடிதண்ணீரும் சாக்கடை இணைப்பும் வேண்டுமென்றால் நகரத்தோடு சேருங்கள் என்றுவிட்டார். சுற்றியிருந்த காடுகரையெல்லாம் நகரமாயிற்று. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையத்தை எல்லாம் நம்ம மாநகராட்சி சேர்த்துக்கொண்டபோது கோயம்புத்தூர் ஒரே நாளில் 'வளர்ந்தது' இல்லையா, அதே மாதிரி.

பிட்ஸ்பர்க்கும் ஒரு காலத்தில் இதைச் செய்த ஊர்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அலெகெனி சிட்டியை, அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டும் விடாமல் இழுத்துக்கொண்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1907-ல் பிட்ஸ்பர்க்கே ஜெயித்தது. ஆனாலும் இன்றைக்கு இந்தக் கவுண்டிக்குள், அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, 130 உள்ளாட்சிகள்! எங்கள் தெரு முனையைத் தாண்டினால் வேறு மேயர், வேறு போலீஸ், வேறு குப்பை வண்டி. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எண்ணினால், அதே 2020-ல் பிட்ஸ்பர்க் பகுதியில் 23 லட்சத்துக்கு மேல், கொலம்பஸ் பகுதியில் 21 லட்சம் பேர். இப்போது எது பெரிய ஊர், நீயே சொல்லு.

இந்த எல்லைக்கோடு சம்பளத்திலும் கை வைக்கும். கொலம்பஸில் வேலை பார்த்தால், வெளியூரிலிருந்து வந்து போகிறவரானாலும் நகரத்துக்கு 2.5 சதவீதம் போய்விடும். பிட்ஸ்பர்க்கில் உள்ளே குடியிருப்பவருக்கு, பள்ளிக்கூடப் பங்கையும் சேர்த்து 3 சதவீதம். வெளியே வீடு வைத்துக்கொண்டு தினமும் வந்துபோகிறவரிடம் வருஷத்துக்கு வெறும் 52 டாலர். எங்கள் ஊரின் உயரமான கட்டடம் 64 மாடி யு.எஸ். ஸ்டீல் டவர். அதன் உச்சியில் இப்போது பெரிதாக எரிவது யு.பி.எம்.சி. என்ற ஆஸ்பத்திரியின் பெயர். ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சொந்தமான சொத்தில் பெரும்பகுதிக்கு வரி கிடையாது. நகராட்சி 2003-லிருந்து 2018 வரை மாநில அரசின் நிதிக் கண்காணிப்பில் கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. 2022 ஜனவரியில் ஃபெர்ன் ஹாலோ பாலம் காலையிலேயே பஸ்ஸோடு இடிந்து விழுந்தது. யாரும் சாகாதது எங்கள் அதிர்ஷ்டம்.

கொலம்பஸை எங்களோடு ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஒஹையோவின் தலைநகரம், மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், இரும்பை நம்பி வாழ்ந்ததில்லை. எங்கள் பங்காளி அதே ஒஹையோவில் இருக்கும் கிளீவ்லாந்து. 1950-ல் அங்கே 9.14 லட்சம், இங்கே 6.76 லட்சம். 2020-ல் அது 3.72 லட்சமாகிவிட்டது, இங்கே மூன்று. ரெண்டு ஊரும் இரும்பைத் தொலைத்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. இங்குள்ளவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஃபுட்பால் பகை அப்படி! எனக்குக் கிளீவ்லாந்து பிடிக்கும். கடல் மாதிரி ஏரி, 1978-லிருந்து நடக்கும் தியாகராஜ ஆராதனை. நாங்கள் போனால் ஹாலில் பாதிப்பேர் தெரிந்த முகம்.

கயலுக்கு வருவோம். இங்கே கிடைத்திருப்பது ரோபோ வேலை என்கிறாய். எங்கள் ஊர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1979-லேயே தொடங்கியாயிற்று. அந்தத் தொழிலில் இந்த வேலை போனாலும் அடுத்தது இதே ஊரில் கிடைக்கும். கொலம்பஸ் வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில்தானே? சம்பளம் கொஞ்சம் கூட இருக்கலாம், அவள் வயசுப் பிள்ளைகளும் அங்கே நிறைய. அதை நான் மறுக்கவில்லை. இங்கே வயசானவர்கள் அதிகம். பிறந்த ஊரைவிட்டு நகராதவர்கள், பள்ளிக்கூட சிநேகிதத்திலேயே இருப்பவர்கள். பனி வாரிய இடத்தில் சமையலறை நாற்காலியைப் போட்டு வைத்து 'இது என் பார்க்கிங்' என்பார்கள், ஒருத்தரும் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் சிக்னலில் இடதுபக்கம் திரும்ப நிற்கும் முதல் வண்டிக்கு, எதிரே வருகிறவர் தலையாட்டி வழி விட்டுவிடுவார்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு. வீடு பார்க்கும்போது மேப்பை நம்பவேண்டாம். மேப்பில் தெரு என்று பெயர் போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் மலைச்சரிவில் படிக்கட்டுதான் இருக்கும், கைப்பிடி துருப்பிடித்து நிற்கும். ஊர் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பனிக்காலத்தில் அரிசி மூட்டையோடு அதில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கொலம்பஸ் சமதரை, அங்கே அந்தத் தொல்லை இல்லை.

முடிவு சொல்வதற்கு முன்னால் பிப்ரவரியில் ஒரு வாரம் அனுப்பி வை. வெயில் காலத்தில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். மேல் அறை காலியாக இருக்கிறது. காரில் மூன்று மணி நேரத்தில் கொலம்பஸ், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ரெண்டு கம்பெனியும் கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் தாளை இப்போதே எனக்கு அனுப்பச் சொல். சம்பளத்தை விட அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
சுப்பு