கருப்பை வாய்ப் புற்றுநோய்: வைரஸோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் எல்லாக் கட்டுரைகளும் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ், தடுப்பூசி, பரிசோதனை என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்த வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் அது தானாகவே போய்விடுகிறது, சிலருக்குத்தான் புற்றுநோயாகிறது. ஏன் அந்தச் சிலருக்கு மட்டும்? இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எல்கேபி1 என்ற புரோட்டீன் கைனேஸ் பழுதாவது.

கைனேஸ் என்பது மற்ற புரோட்டீன்களில் பாஸ்பேட்டைச் சேர்த்து அவற்றின் வேலையை மாற்றும் நொதி. புற்றுநோயில் நாம் கேள்விப்படும் கைனேஸ்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி வேலை செய்பவை, அவற்றை அடக்கத்தான் மாத்திரை தருகிறார்கள். எல்கேபி1 அப்படியே நேர்மாறு. செல்லில் சக்தி குறையும்போது ஏஎம்பிகே என்ற இன்னொரு கைனேஸைத் தூண்டி, பெருகுவதை நிறுத்தி வைக்கிற பிரேக் அது. இல்லாமல் போனால்தான் ஆபத்து, இல்லாததை அடக்க மருந்து எங்கே போய்த் தேடுவது? 2009-ல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் கருப்பை வாய்க் கட்டிகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு பங்குக்காவது எல்கேபி1-ஐ உருவாக்கும் மரபணு கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரமே திரும்பியும் வந்தது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்களிலும், அதாவது 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்தவற்றிலும், எல்கேபி1 கிடையாது.

இந்த மரபணுக் கோளாறு பிறவியிலேயே வந்தால் அதற்குப் பெயர் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய். அபூர்வமானதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும். சின்ன வயதில் உதட்டிலும் உதட்டைச் சுற்றியும் மிளகை விடச் சிறிய கரும்பழுப்புப் புள்ளிகள் வரும். வளர வளர உதட்டில் மங்கிவிடும், கன்னத்தின் உட்புறத்தில் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குடலில் பாலிப் என்ற சதை வளர்ந்து, குடல் குடலுக்குள் செருகிக்கொண்டு, வயிற்றுவலியால் குழந்தை துடிக்கும். அறுவை சிகிச்சை செய்து பாலிப்பை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், சரி. ஆனால் அது பெண் குழந்தையானால், பெரியவளானதும் கருப்பை வாயையும் மார்பகத்தையும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாயிடம் யாராவது சொல்கிறார்களா? எனக்குத் தெரிந்த குடும்பத்தில் யாரும் சொல்லவில்லை.

பியூட்ஸ்-ஜெகர்ஸ் உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் வரக்கூடிய அரிய வகைப் புற்றுநோய் பெரும்பாலும் எச்பிவி இல்லாமலே வருவது, அதன் உள்குழாயில் மேலே ஒளிந்திருப்பது. அதனால் எச்பிவி பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எங்களுக்கு அதில் பெருமை உண்டு, ஆனால் அந்தச் சோதனையிலும் வெளிப்பரப்புதான் தெரியும். தடுப்பூசியும் பரிசோதனையும் எல்லாப் பெண்களுக்கும் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இந்தக் குடும்பங்களுக்கு அது மட்டும் போதாது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த மருத்துவப் பக்கத்தில் அந்தப் புள்ளிகளின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். வெறும் கறுத்த உதட்டைப் பார்த்து யாரும் பயந்துவிடாதபடி, புள்ளியோடு வயிற்றுவலியோ குடல் அறுவை சிகிச்சையோ வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்கச் சொல்லி எழுதுங்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களுக்கு நீர் போல வெள்ளைப்படுதல் நிற்காமல் இருந்தால் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போய், குடும்பத்தில் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்