மகளிர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா எல்லைப் பகுதி)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் சங்கத்துச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான அறிக்கை இது. தையல் வகுப்பு, பொங்கல் விழா, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தையும் மனசையும் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: பாலியல் கொடுமையைப் பற்றி வாய் திறந்து பேசுவதும், அதிலிருந்து பிள்ளைகளைக் காப்பதும். அதை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 19 அன்று ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானது. மலையாள சினிமாவில் வேலை பார்க்கும் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லும் அந்த அறிக்கை, 2019 டிசம்பரில் அரசிடம் கொடுத்து நாலரை ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. அந்த வாரம் தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்கு நடுவில் சோத்துப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்தபோது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "பேரும் பணமும் இருக்கிறவங்களுக்கே இத்தன வருசம் ஆயிருக்குது. நம்மள மாதிரி ஆளுக எங்க போய்ச் சொல்றதுங்க?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. செப்டம்பர் மாதக் கூட்டத்தை நாம் கூட்டியது அந்தக் கேள்விக்காகத்தான்.

அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பேடு எழுதவில்லை. பேசியது அந்த அறையைத் தாண்டாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். நான் பேசியதை மட்டும், என் விருப்பத்தின்பேரில், இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு வந்து போகும், எல்லாருக்கும் வேண்டப்பட்ட ஓர் ஆள். மத்தியான நேரத்தில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் நான் மாட்டுக்கொட்டகைக்கு ஓடிவிடுவேன். ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, "இத யாருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்றார். தலை துவட்டும்போது அவர் கை நடுங்கியது இன்றும் என் தலையில் இருக்கிறது. அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு வேறு பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆள் வருவது நிற்கவில்லை.

இப்போதும் வெளியே யாராவது வண்டியை ஸ்டாண்டு போட்டால் என் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். ஐம்பது வயதுக்கு மேல்தான் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். பயம் வருசக் கணக்கில் உடம்பில் தங்கும் என்பதும், அந்த நேரத்தில் கத்தவோ ஓடவோ முடியாமல் உடம்பு விறைத்துப்போவது சம்மதம் ஆகாது என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கின. ஆறு மாதம் போய்வந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறேன். அக்கம்பக்கத்தில் சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இது பெரிய விஷயம்.

அதன்பின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினோம். அதில் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். "யாராவது தப்பாகத் தொட்டால் கத்து, ஓடு, அம்மாகிட்ட சொல்லு" என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருவதையே நாமும் சொல்லித் தந்தோம். வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு சிறுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கத்தலைன்னா அது நம்ம தப்புங்களா டீச்சர்?" பாயைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன்னைக் காத்துக்கொள்ளும் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளுக்கு நடத்துவதைவிடப் பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும்தான் அதிகம் நடத்தினோம். பிள்ளை சொன்னால் முதலில் வாயில் வர வேண்டிய வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினோம்: "நீ சொன்னது நல்லதாச்சு சாமி. நான் நம்பறேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல." துருவித் துருவிக் கேட்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்துவிடக் கூடாது. ஏனென்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. குளிப்பாட்டவும் வேண்டாம், துணியைத் துவைக்கவும் வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் என் அம்மா வைத்த வெந்நீர்தான் கண்முன் வருகிறது.

இந்த ஆண்டு ஒரு குழந்தை தனக்கு நடந்ததை வெளியே சொன்னது. வழக்கு நடப்பதால் ஊர், வயது, வேறு எந்த அடையாளமும் எழுதவில்லை. எழுதுவது குற்றமும்கூட. ஒரே ஒரு செய்தியை மட்டும் அவசியம் எழுதுங்கள் என்று குழந்தையின் அம்மாவே கேட்டுக்கொண்டார். சட்டம் சொல்கிறபடியே பெண் எஸ்.ஐ. சுடிதாரில் வீட்டுக்கு வந்தார், கனிவாகத்தான் பேசினார். "மொழியெடுக்க வந்திருக்கோம்" என்றார். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம். பாட்டிக்கோ, பிள்ளையிடமிருந்து மொழியை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டது. குழந்தை தமிழில் "மாமா" என்றது. நம் ஊரில் பிள்ளைகள் தெருவில் போகும் எந்தப் பெரியவரையும் மாமா என்றுதான் கூப்பிடும். காகிதத்தில் அது தாய்மாமன் என்று ஏறியது. வாசித்துக் காட்டியபோது குழந்தை தலையாட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த நம் உறுப்பினர் மலையாளம் படித்தவர். அவர் கவனித்துச் சொல்லியிருக்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனிதர் உள்ளே போயிருப்பார், செய்தவன் வெளியே இருந்திருப்பான்.

குழந்தைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தர வேண்டும் என்று அதே 19-ஆவது பிரிவு சொல்கிறது. நாம் கேட்டோம், பிறகு வைத்தார்கள். கேட்காவிட்டால்? இன்னொன்றும் சொல்கிறேன். மலையாளப் பத்திரிகைகள் பாலியல் கொடுமையைப் பீடனம் என்று எழுதுகின்றன. நம் பாட்டிமார் காதில் அது பீடை என்று விழுகிறது. பீடை என்றால் பிடித்த பிள்ளையைத்தானே ஒதுக்கி வைப்பார்கள்? இந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கே இரண்டு கூட்டம் ஆயிற்று.

வாளையார் நமக்குத் தூரம் இல்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான அக்கா தங்கை இருவர் அங்கே இறந்து கிடந்தார்கள். 2017 ஜனவரியில் 13 வயதுச் சிறுமி, மார்ச்சில் அவள் தங்கை, 9 வயது. வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இரண்டு சாவுக்கும் நடுவில் ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே வந்தது, அவர் அண்ணனை அடித்தார்கள். அப்படி இருந்தும் 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அன்று மாலை வாசகசாலையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவர் என் கையைப் பிடித்து அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. ஊர் மானம் போகிறது என்று ஒரு இடத்தில் மண்டபம் தர மறுத்தார்கள். இன்னொரு இடத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். இது பேசி முடிக்கிற காரியம் இல்லை என்று நம் தலைவர் எழுந்து நின்று சொன்னதை இந்தச் சபை பாராட்ட வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டார்கள். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு விதத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். பையன்களுக்கு இந்த ஆண்டு நாம் ஒன்றும் செய்யவில்லை. இது நம் குறைதான்.

அடுத்த ஆண்டுக்குச் சபையின் ஒப்புதல் வேண்டுவது இவை. பாலக்காடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்திடம், இரண்டு மொழியும் தெரிந்த நம் உறுப்பினர்களின் பெயர்களை மொழிபெயர்ப்புக்காகக் கொடுக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அங்கன்வாடிச் சுவர்களில் தமிழிலும் எழுத வேண்டும். பெயின்ட் செலவை ஒரு சகோதரி ஏற்றுக்கொண்டிருக்கிறார். சம்பவம் தமிழ்நாட்டுப் பக்கம் நடந்திருந்தாலும் இங்குள்ள ஸ்டேஷனிலேயே புகார் வாங்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆவது பிரிவில் இருக்கிறது. எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைச் சொல்ல ஒரு குழு வேண்டும். பையன்களுக்கான வகுப்புக்கு ஆண்கள் இருவராவது முன்வர வேண்டும்.

சனிக்கிழமை தோறும் நாலு மணி முதல் ஆறு மணி வரை நான் வாசகசாலையின் பின் அறையில் இருப்பேன். பேச வேண்டும் என்றில்லை, சும்மா வந்து உட்காரவும் செய்யலாம்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்