நாங்கள் நாற்றங்கால் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு நடிகரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘சென்னையின் சிறு நாடகக் குழுக்கள் தமிழ் சினிமாவுக்கு நல்ல நாற்றங்கால்.’ பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள், புரிகிறது. இருந்தும் அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. நாற்றங்காலில் யாரும் அறுவடை செய்வதில்லை. பிடுங்கி வேறு வயலில் நடத்தான் அது. பதினொரு வருஷமாகப் புது நாடகம் மட்டுமே போட்டுவரும் எங்களுக்கு அதுதான் பெயரா?

அதே கட்டுரையில் கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவைப் பற்றி ஒரு பத்தி. பசுபதி அங்கிருந்து வந்தார், கலைராணி வந்தார், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதினார் என்று எல்லாம் இருக்கிறது. 1977-இல் அதைத் தொடங்கிய ந. முத்துசாமி மட்டும் ‘நடிப்புப் பயிற்சியாளர்’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோகிறார். ஐயா, அவர் நாடகம் எழுதியவர். ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’, ‘படுகளம்’ எல்லாம் அவர் எழுதியவை. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைத் தன் நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்ததும் மேடைக்காகத்தான். உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2018-இல் அவர் காலமானபோதும் உங்கள் பத்திரிகையில் செய்தியின் முதல் வரியில் சினிமா நடிகர்களின் பெயர்கள்தான் இருந்தன. அப்போதே எழுத உட்கார்ந்தேன். துக்க நேரத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு புது நாடகம் எப்படி உருவாகிறது என்று உங்கள் நிருபர்கள் யாரும் வந்து பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். எங்களுக்கு ஒத்திகை இடம் மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடி. வடாம் காயும் மூலைப் பக்கம் போகக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் ஒரே நிபந்தனை. மேடையின் அளவைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வோம். எல்லோரும் வேலை முடிந்து வந்து சேரவே எட்டரை ஆகிவிடும். போன வருஷம் ஒரு நாடகத்தில், தாய் தன் மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் கட்டம். எழுதியவர் அதற்கு இரண்டு பக்கம் வசனம் வைத்திருந்தார். ஆறு வாரம் முட்டி மோதியும் அது உட்காரவில்லை. ஒரு நாள், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் எங்கள் பெண் ஒருத்தி, வசனத்தை விட்டுவிட்டு முந்தானை முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றாள். எழுதியவர் பென்சிலை எடுத்து இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். அந்தப் பெண் நாளைக்கே சினிமாவுக்குப் போகலாம். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் அன்று அவள் செய்தது அந்த நாடகத்துக்காகச் செய்தது.

அப்புறம் அரங்கம். 1954-ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி நாடகப் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்து, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கு நாலு வருஷம் கழித்தும் ஓர் அரங்க நிர்வாகி என்னிடம் போலீஸ் முத்திரை வைத்த கடிதம் கேட்டார். தீர்ப்பின் நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். படிக்கவே இல்லை. முன்பணம் திரும்பக் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. இதை அப்போது உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். வரவில்லை. இடமில்லை போலிருக்கிறது.

சரி, நடந்ததைப் பேசி என்ன. கடந்த மார்ச் மாதம் உங்கள் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் எங்கள் நாடகம் வந்தது. ஆறரை மணிக் காட்சியை ஏழரை என்று போட்டிருந்தீர்கள். நாடகம் எழுதியவர் பெயரே இல்லை. ‘உள்ளூர்க் குழுவினரின் நாடகம்’, அவ்வளவுதான். பெரம்பூரிலிருந்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருவர் சரியாக ஏழரைக்கு வந்தார். முடிய இருபது நிமிஷம்தான் பாக்கி. கையில் உங்கள் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பின்வரிசையில் உட்கார வைத்தேன்.

நான் கேட்பது இதுதான். அடுத்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு எங்கள் புது நாடகம் நடக்கிறது. விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நேரத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். நாடகத்தின் பெயருக்குக் கீழே எழுதியவரின் பெயரையும் போடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஒரு சிறு நாடகக் குழுவின் நெறியாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33