சுகுமார குருப் எங்கே?

ஐயா,

கொலை வழக்கில் தலைமறைவான சுகுமார குருப்பை அங்கே பார்த்தார்கள், இங்கே பார்த்தார்கள் என்று இன்னமும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. 1984 ஜனவரியில் கேரளத்தின் மாவேலிக்கரை அருகே, வயலோரம் ஒரு அம்பாசிடர் கார் எரிந்து கிடந்தது. உள்ளே கருகிய உடல். அபுதாபியில் வேலை பார்த்த குருப்தான் இறந்துவிட்டார் என்று முதலில் நம்பவைத்தார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. அதாவது, தீ வைக்கும் முன்பே உயிர் போயிருக்கிறது. இறந்தவர், இரவில் வீட்டுக்குப் போக சாலையில் வண்டிக்குக் காத்திருந்த ஒரு திரைப்பட விநியோகப் பிரதிநிதி. எல்லாம் குருப் பெயரிலான இன்சூரன்ஸ் பணத்துக்காக!

குருப்பின் சகலைக்கும் கார் ஓட்டுநருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. சூத்திரதாரியான குருப் மட்டும் தப்பியவர் தப்பியவர்தான்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், அவரை ஏதோ மாயாவி போலச் சிலாகிப்பதில்தான். கொலையான மனிதருக்கு ஒரு கர்ப்பிணி மனைவி இருந்தார். அப்பாவின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த அந்தப் பிள்ளையைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? அடுத்த முறை குருப் பற்றிச் செய்தி போட்டால், இறந்தவர் குடும்பத்துக்கும் சரிபாதி இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்